காரை நடுங்க வைக்கும் கெட்டி ரப்பர்!

காருக்குப் புது மவுண்டிங் போட்டார்கள். அன்று முதல் கார் நடுங்க ஆரம்பித்துவிட்டது!

பழைய சாமானை மாற்றினால் கார் நன்றாக ஓட வேண்டும். இது என்ன கூத்து?

பல வீடுகளில் நடக்கும் கூத்துதான். சாலையில் ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதுதான் வேடிக்கை. ஸ்டீரிங் கையில் குறுகுறு என்கிறது. கண்ணாடி கிடுகிடு என்கிறது. கதவுப் பையில் கிடக்கும் சில்லறை கலகல என்று பேசுகிறது. பின் சீட்டில் இருந்து பாட்டி, "ஏண்டா, கார் வாங்கினாயா, மாவு மிஷின் வாங்கினாயா?" என்கிறார்.

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி.

காரின் முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பெரிய இரும்புப் பாறை போல என்ஜின் இருக்கிறது. அது காரின் உடம்பின் மேல் நேராக உட்காரவில்லை. நடுவே ரப்பர் இருக்கிறது. இந்தப் பக்கம் ஓர் இரும்பு, அந்தப் பக்கம் ஓர் இரும்பு, இடையில் ரப்பர். இதுதான் என்ஜின் மவுண்டிங். பெரும்பாலான கார்களில் இப்படி 3 அல்லது 4 இருக்கும்.

இதற்கு இரண்டு வேலை. என்ஜினை விழாமல், முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். அதன் உதறலை உள்ளே இருப்பவர்களுக்கு விடாமல் தடுக்கவும் வேண்டும். முதல் வேலைக்குக் கெட்டியாக இருப்பது நல்லது. இரண்டாவது வேலைக்கு மெத்தென்று இருப்பது நல்லது. ஒரே ரப்பர் இரண்டையும் செய்ய வேண்டும். எல்லாத் தொல்லைக்கும் காரணம் இதுதான்.

மிதக்கும் என்ஜின்

ஆரம்ப காலத்தில் பல கார்களில் என்ஜினை நேராகச் சட்டத்தில் வைத்து முடுக்கிவிடுவார்கள். 4 சிலிண்டர் கார் என்றால் உடம்பு உதறும். உதறல் பிடிக்காதவர்கள், பணம் இருந்தால், 6 சிலிண்டர், 8 சிலிண்டர் கார் வாங்குவார்கள்.

1931-ம் ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி ஒரு புதுமை செய்தது. அதன் 'பிளிமத்' காரில் என்ஜினை ரப்பரின் மேல் 'மிதக்க' விட்டார்கள். முன்னால் உயரத்தில் ஒரு தாங்கி. பின்னால் தாழ்வாக ஒரு தாங்கி. இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அது என்ஜினின் எடை மையத்தின் வழியாகப் போகும். என்ஜின் தன் இஷ்டம் போல் ஆடிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. 4 சிலிண்டர் சிக்கனத்தில் 8 சிலிண்டர் சொகுசு என்று விளம்பரம் செய்தார்கள்.

வால்டர் கிரைஸ்லர் அந்தக் காரைத் தன் போட்டியாளரான ஹென்றி போர்டிடமே ஓட்டிப்போய்க் காட்டினாராம். பிறகு காரை அவருக்கே கொடுத்துவிட்டு, டாக்சி பிடித்து வீடு திரும்பினாராம்! மறு ஆண்டு பிரான்சு நாட்டு சித்ரோயன் கம்பெனியும் இந்த முறையை வாங்கிக்கொண்டது. அதற்கு அடையாளமாகக் காரில் அன்னத்தின் படம் போட்டார்கள். தண்ணீரில் அலுங்காமல் போகிறது அல்லவா, அதற்காக!

ஒரு பூட்டு போதும்

ரப்பர் எப்படி உதறலைத் தடுக்கிறது? வீட்டிலேயே பார்க்கலாம்.

நாலைந்து ரப்பர் வளையங்களைச் சேர்த்து முடியுங்கள். நுனியில் ஒரு சிறு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். பூட்டும் கூடவே ஆடும். கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் பூட்டு கையை விட அதிகமாகத் துள்ளும்! அதையும் தாண்டி மிக வேகமாக ஆட்டுங்கள். கை ஆடும். பூட்டு ஏறக்குறைய சும்மா நிற்கும்.

இப்போது ரப்பரை இரண்டாக மடித்துப் பிடியுங்கள். கெட்டியாகிவிட்டது. இனி பூட்டு சும்மா நிற்க வேண்டுமானால், கையை முன்னை விட வேகமாக ஆட்ட வேண்டும்.

காரில் நடப்பதும் இதுதான். நிற்கும்போது என்ஜின் நிமிஷத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. வினாடிக்கு 25 உதறல். மெத்தென்ற ரப்பர் இதைத் தடுத்துவிடும். கெட்டி ரப்பருக்கு 25 போதாது. உதறல் தாராளமாக உள்ளே வரும். 3,000 சுற்றில் வினாடிக்கு 100 உதறல். அப்போது கெட்டி ரப்பரும் ஓரளவு தடுக்கும். நிற்கும்போது அதிகமாக ஆடுவதன் ரகசியம் இதுதான். ஏ.சி. போட்டால் என்ஜினுக்குச் சுமை கூடும், ஆட்டமும் கூடும். 3 சிலிண்டர் கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

பிறகு ஏன் போடுகிறார்கள்?

கம்பெனி ரப்பர் நாளடைவில் வெடிக்கும். எண்ணெய் ஒழுகினால் சீக்கிரமே ஊறிப்போகும். கடைக்குப் போனால், "இது பாலியூரித்தேன் சார், லேசில் உடையாது" என்று கெட்டி ரகத்தைக் காட்டுகிறார்கள். அது பொய் அல்ல. எண்ணெயையும் அது நன்றாகத் தாங்கும். என்ஜின் அசையாது. கியர் 'டக்' என்று விழும். பந்தயக் காருக்கு அருமையான சாமான். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிற காருக்கு எதற்கு?

அதற்காக, வெடித்த ரப்பரோடு ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. அது ஆபத்து. 1971-ம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் பிய்ந்து என்ஜின் மேலே எழும்பினால், ஆக்சிலேட்டரை இழுத்துவிடும் என்பதே காரணம். கார் தானாக வேகம் எடுக்கும்! என்ஜின் எழும்பாதபடி கம்பிவடம் போட்டுக் கட்டி அனுப்பினார்கள்.

என்ன செய்யலாம்?

கெட்டி ரகத்தை ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? உடனே கழற்ற வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் கொஞ்சம் படியும்.

முதலில் மெக்கானிக்கிடம் சொல்லி, எங்காவது இரும்போடு இரும்பு உரசுகிறதா என்று பாருங்கள். சைலென்சர் குழாய் அடித்தட்டில் இடிக்கலாம். ஏ.சி. குழாய் சட்டத்தைத் தொடலாம். இப்படி ஒரு இடம் தொட்டால் போதும்; எந்த ரப்பரும் பயன்படாது.

அடுத்து, முடுக்கிய விதம். என்ஜினை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தபடி போல்ட்டை முடுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, என்ஜினை அதன் இடத்தில் உட்காரவிட்டு, பிறகு கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. வீட்டு வாசலில் முயல வேண்டாம்.

என்ஜினையும் சோதிக்க வேண்டும். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலும் உதறும். மெத்தென்ற ரப்பர் இத்தனை நாள் அதை மறைத்து வைத்திருக்கும்!

நிற்கும் வேகத்தை 50 முதல் 100 சுற்று வரை கூட்டினால் ஆட்டம் குறையும். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும். கம்ப்யூட்டர் வைத்த கார்களில் இதற்குத் தனிக் கருவி வேண்டும்.

கதவுக்கும் தரைக்கும் தார் அட்டை ஒட்டச் சொல்வார்கள். தகரச் சத்தம் அடங்கும். ஸ்டீரிங்கில் குறுகுறுப்பு அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை மவுண்டிங்கில் போடுவேன்.

உண்மையான மருந்து, பாதி பழையபடி, பாதி புதுசு. முன் சக்கரம் இழுக்கும் பல கார்களில், எடையைத் தாங்கும் மவுண்டிங் வேறு. என்ஜின் முன்னும் பின்னும் முறுக்காமல் பிடிக்கும் மவுண்டிங் வேறு. எடை தாங்குவதற்குக் கம்பெனி ரகத்தையே திரும்பப் போடுங்கள். சில கார்களில் அதற்குள் திரவம் அடைத்திருக்கும்; அதை எடுத்துவிட்டுக் கெட்டி ரகம் போட்டால் வித்தியாசம் பலமாகத் தெரியும். முறுக்கைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் கெட்டி ரகம் இருக்கட்டும். அதிலும் பல தரம் உண்டு. 'ஷோர் ஏ' என்று ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏறக் கெட்டி. 70 என்றால் ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். 90 என்றால் பாட்டி மறுபடியும் கேள்வி கேட்பார்.

வேலை முடிந்ததும் காரை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போடுங்கள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரு விளக்கைப் பாருங்கள். விளக்கு ஒரே புள்ளியாகத் தெரிந்தால் மெக்கானிக்குக்குப் பணம் கொடுக்கலாம். கோடாக இழுத்துக்கொண்டு தெரிந்தால், சைலென்சர் குழாயை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.