சிறியவற்றில் உண்மை: முதியோர் இல்லத்தில் பணி தொடங்கும் நம் பிள்ளைகளுக்காக



லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரின் உவமையைச் சொல்லி முடித்ததும், ஆண்டவர் நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடத்தைத் தருகிறார். ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது அவருடைய சின்னஞ்சிறு பொறுப்புகளிலேயே தெரிந்துவிடும் என்பதே அதன் சாரம். இன்று அந்தப் பாடத்தை ஒரு தொழிலோடு சேர்த்துச் சிந்திப்போம்.

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள நம் குடும்பங்களில், தாதியர் படிப்பை முடித்து முதியோர் பராமரிப்பு இல்லங்களில் முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் உண்டு. பிள்ளைகளை வளர்த்துவிட்டு, நாற்பது வயதுக்குப் பிறகு படித்துத் தேறிய தாய்மாரும் உண்டு. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது எங்கே வேலை என்று கேட்டால், “லோங் ரேம் கெயாரில், ஃபாதர்” என்று சற்றுத் தயக்கத்தோடு சொல்கிறார்கள். பெரிய வைத்தியசாலையில் இடம் கிடைக்கவில்லையா என்று உறவினர் கேட்பதும் நம் காதில் விழுகிறது. அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அது என்ன வேலை என்று முதலில் பார்ப்போம்.

பதில் சொல்ல வேண்டிய வேலை

ஒன்ராறியோவில் இவர்களை ஆர்.பி.என். என்கிறோம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் அமெரிக்காவிலும் எல்.பி.என். என்பார்கள். இங்கே வழக்கமாக இரண்டு வருட டிப்ளோமாப் படிப்பு. அதன்பின் ரெக்ஸ்-பி.என். என்ற கணினித் தேர்வு. 2022 முதல் இதுவே நடைமுறையில் உள்ளது. தேறியவர்களை ஒன்ராறியோ தாதியர் கல்லூரி பதிவு செய்கிறது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது படிப்பிக்கும் இடம் இல்லை. பொதுமக்களின் பாதுகாப்புக்காகத் தாதியரை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அதன் பதிவேட்டில் பெயர் ஏறிய நாள் முதல், செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் அந்தப் பிள்ளையே பதில் சொல்ல வேண்டும். திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்யும்போது, செய்யத் தவறியவற்றையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? இங்கும் அதே கணக்குத்தான்.

இல்லத்தில் முதியோரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுபவர்கள் பி.எஸ்.டபிள்யூ. பணியாளர்கள். முழு இல்லத்துக்கும் பொறுப்பாக ஓர் ஆர்.என். தாதி எந்நேரமும் பணியில் இருக்க வேண்டும் என்பது மாகாணச் சட்டம். இவர்களுக்கு நடுவில் நிற்பவர் ஆர்.பி.என். ஒரு பகுதியில் முப்பது பேர் வரை இருக்கலாம். அவர்களின் மருந்து, புண்ணுக்குக் கட்டு, உடல்நிலையில் ஏற்படும் மாற்றம், குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டிய செய்தி எல்லாம் அவர் கையில். வைத்தியர் நாள் முழுவதும் அங்கே இருப்பதில்லை. ஆகவே ஒரு முதியவரின் உடலில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் காண வேண்டிய கண்கள் இந்தப் புதிய தாதியின் கண்களும் அந்தப் பி.எஸ்.டபிள்யூ. பணியாளரின் கண்களும்தான்.

கையெழுத்தின் பெறுமதி

காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்படும் ஒரு புதிய தாதியை நினைத்துப் பாருங்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையாட்டும் முதியோர் அங்கே உண்டு. அதனால் பதிவில் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிட வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுவோருக்குக் குளிசையை அரைத்து ஆப்பிள் கூழில் கலந்து கொடுப்பது வழக்கம். ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட குளிசையை அரைத்தால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். இன்சுலின் ஏற்றுமுன் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர் இன்று சாப்பிடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் அழைப்பு மணி அடிக்கும். ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்திருப்பார். தொலைபேசியில் ஒரு மகள் காத்திருப்பார். நேரம் பிந்திக்கொண்டே போகும். அப்போதுதான் சோதனை வருகிறது. குளிசையை ஒரு முதியவர் துப்பிவிட்டார். கொடுத்ததாகக் குறித்துவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். வலிக்குக் கொடுக்கும் போதை மருந்துகளை வேலை மாறும் நேரத்தில் இரண்டு தாதியர் சேர்ந்து எண்ண வேண்டும், எண்ணாமலே ஒப்பமிடலாம். படுக்கைப் புண் வராமல் இரவில் புரட்டி விடப்பட்டாரா என்று போய்ப் பார்க்காமலே, பார்த்ததாக எழுதலாம். யாருக்கும் தெரியாது.

இதில் என்ன பெரிய பாவம் என்று தோன்றலாம். ஓர் உதாரணம் சொல்வோம். இரத்த அழுத்தத்துக்கான குளிசையை ஒருவர் பல நாட்களாகத் துப்பிவருகிறார். ஏட்டிலோ தினமும் கொடுத்ததாக இருக்கிறது. அழுத்தம் குறையவில்லையே என்று பார்க்கும் வைத்தியர், ஏட்டை நம்பி மருந்தின் அளவைக் கூட்டுகிறார். பிறகு ஒருநாள் அவர் அந்தக் கூடிய அளவை ஒழுங்காக விழுங்குகிறார். அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. எழும்பி நிற்கும்போது தலைசுற்றி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. எண்பத்தைந்து வயதில் இடுப்பு முறிந்தால் பழையபடி எழும்பி நடக்காமலே போய்விடுவோர் பலர். பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறோம். மருந்து ஏட்டில் இடும் கையெழுத்தும் ஒரு சாட்சியம்தான். தனக்காகப் பேச முடியாத ஒருவரைப் பற்றிய சாட்சியம்.

மனித வேலையில் தவறும் நேரும். ஒருவருக்குரிய மருந்து மற்றவருக்குப் போய்விட்டால் என்ன செய்வது? அனுமதிப்பத்திரம் போய்விடுமோ என்ற பயத்தில் மறைக்கவே மனம் சொல்லும். ஆனால் உடனே சொன்னால் அந்த முதியவரைக் கவனித்துப் பார்க்கலாம், வைத்தியரைக் கேட்கலாம், காப்பாற்றலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என்று நாம் படித்த ஒழுங்கு இங்கே ஓர் உயிரைக் காக்கும் ஒழுங்காகிறது.

கேட்கத் தெரிந்தவரே விவேகமுள்ளவர்

புதிதாய் வருபவருக்குச் சில நாட்கள் அனுபவமுள்ள ஒருவரோடு பழக்கம் தருவார்கள். பிறகு தனியே விட்டுவிடுவார்கள். தெரியாததைக் கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்ற வெட்கம் அப்போது வரும். விவேகம் என்ற நற்பண்பை ஆராயும் புனித தோமா அக்குவினார், பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனத்தை அதன் ஒரு பகுதியாகவே வைக்கிறார். நடைமுறைக் காரியங்களில் எவரும் தனக்குத் தானே முழுமையாகப் போதுமானவர் அல்லர், படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை என்பது அவர் தரும் காரணம். ஆகவே மருந்து கொடுக்குமுன் நின்று, “இது எனக்கு விளங்கவில்லை, ஒருக்கால் பாருங்கோ” என்று கேட்கும் பிள்ளை பலவீனமானவள் அல்லள். அவள் விவேகமுள்ளவள்.

யாரிடம் கேட்பது? ஆர்.என். தாதியிடமும் மருந்தாளரிடமும் கேட்கலாம். பல வருடங்களாக அதே முதியவரைக் குளிப்பாட்டி வரும் பி.எஸ்.டபிள்யூ. அக்காவிடமும் கேட்க வேண்டும். “இண்டைக்கு இவ வழக்கம்போல இல்லை” என்று அவர் சொல்லும் ஒரு வசனம் பெரிய செய்தி. மறதி நோய் மெல்ல மெல்லவே கூடும். ஒரே நாளில் குழப்பம் கூடினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ நியூமோனியாவாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். வயது போனால் அப்படித்தான் என்று கடந்துபோனால் தீர்க்கக்கூடிய நோய் தீராமல் போகும்.

அறிவு தளர்ந்த தந்தையையும் பொறுமையோடு தாங்க வேண்டும், நம் பலத்தை நினைத்து அவரை இகழக் கூடாது என்று சீராக் ஞானநூலின் 3ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறது. மறதி கூடும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மிஞ்சி நிற்பதுண்டு. முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்த நம் ஐயா ஒருவர், கடைசியில் தண்ணீரைத் தமிழில் மட்டும் கேட்கக்கூடும். அந்த நேரத்தில் “என்ன ஐயா வேணும்?” என்று கேட்க ஒரு பிள்ளை அங்கே இருப்பது எவ்வளவு பெரிய கொடை! அதே பிள்ளை இத்தாலிய மூதாட்டிக்கும் சீன முதியவருக்கும் அவர்கள் மொழியில் ஒரு வணக்கமாவது கற்றுக்கொண்டால் அதுவும் நற்செய்தி அறிவிப்பே.

தாதியரின் பாதுகாவலரான புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் 1550இல் பிறந்தவர். போர்வீரராகவும் சூதாடியாகவும் திரிந்தவர். காலில் ஆறாத புண்ணோடு, தீராத நோயாளருக்கென ரோமையில் இருந்த புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்தார். முதலில் நோயாளி, பிறகு பணியாளர். கூலிக்கு வேலை செய்தவர்கள் நோயாளரைக் கைவிட்ட விதத்தைக் கண்டே, அன்புக்காகப் பணி செய்யும் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். 1930இல் பதினோராம் பயஸ் திருத்தந்தை அவரைத் தாதியரின் பாதுகாவலர் ஆக்கினார். குணமாகி வீடு திரும்புவோர் நடுவில் அல்ல, குணமாகாதவர்கள் நடுவிலேயே அவருடைய அழைத்தல் பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் நினைவில் வைக்கட்டும்.

பங்காகிய நாம் செய்ய வேண்டியது

2020இல் கொரோனாவின் முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. கைகள் போதாத இடத்தில் என்ன நடக்கும் என்று அன்று கண்டோம். புதிதாய் வந்த தாதியர் மனம் உடைந்து சில மாதங்களில் விட்டுப் போனால், பாதிக்கப்படுவது நம் பெற்றோரே. ஆகவே அவர்களைத் தாங்குவது நம் கடமை.

உங்கள் அம்மா அல்லது அப்பா இல்லத்தில் இருந்தால், அவர் யார், என்ன வேலை செய்தார், எதற்குப் பயப்படுவார், என்ன பாட்டுக்குச் சிரிப்பார் என்று ஒரு தாளில் எழுதித் தாதியிடம் கொடுங்கள். அவரை அங்கே விட்டோமே என்ற நம் மனவேதனையைத் தாதி மேல் கோபமாகக் கொட்டாதிருப்போம். குறை இருந்தால் மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்வோம். ஒன்ராறியோவில் இல்லவாசிகளின் உரிமைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

நோயில் பூசுதல் இறக்கும் நேரத்துக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாக்கியது. நிலைமை மோசமாகும்வரை காத்திராமல் குருக்களாகிய எங்களை நேரத்தோடு அழையுங்கள். ஒரு கத்தோலிக்க முதியவர் தளர்வதைக் காணும் தாதி, குருவை அழைக்கலாமே என்று குடும்பத்தாருக்கு நினைவூட்டினால் அது பெரிய புண்ணியம்.

வீட்டில் புதிய தாதி இருந்தால், இரவு வேலை முடிந்து வரும் பிள்ளைக்குச் சூடான சாப்பாடும் சத்தமில்லாத ஓர் அறையும் கொடுங்கள். அவள் கையால் பராமரித்த முதியவர் முதன்முறையாக இறக்கும் நாளில், அதுதானே வேலை என்று சொல்லிவிடாதீர்கள்; அவள் அழட்டும். ஞாயிறு வேலையென்றால் சனி மாலைத் திருப்பலிக்கு வரட்டும். அதற்கும் வழியில்லாமல் நோயாளரின் அருகில் நிற்க நேர்ந்தால், கடன்திருநாளை மீறினேன் என்று மனம் கலங்க வேண்டாம். நோயுற்றிருந்தேன், வந்து பார்த்தாய் என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில்தான் அவள் நிற்கிறாள்.

மன்றாடுவோம்: இரக்கமுள்ள தந்தையே, முதியோரின் படுக்கையருகே பணி தொடங்கும் எம் பிள்ளைகளின் கைகளை ஆசீர்வதியும். யாரும் பார்க்காத நேரத்திலும் உண்மையாயிருக்க வரம் தாரும். தெரியாததைக் கேட்கும் தாழ்மையையும், தவறை மறைக்காத துணிவையும் அருளும். அவர்களிடம் எம் பெற்றோரை ஒப்படைத்திருக்கும் எமக்கு நன்றியுள்ள இதயத்தைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.