எங்கள் அணை ஏன் சாய்ந்தது?



போன மாதம் நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஐந்தாம் வகுப்பு செய்த கல்லணை மாதிரியைப் பார்த்தீர்களா? அது தலைமை ஆசிரியர் கண் முன்னாலேயே சாய்ந்ததையும் பார்த்திருப்பீர்கள்! ஏன் சாய்ந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பெரிய பிளாஸ்டிக் ட்ரேயில் நான் ஆற்று மணல் பரப்பினேன். என் நண்பன் களிமண் பிசைந்து, மணல் மேல் நேராக ஒரு சுவர் வைத்தான். ஒரு தோழி வயலுக்காக அருகம்புல் நட்டாள். தண்ணீர் ஊற்றினோம். சுவர் உடையவில்லை, கரையவும் இல்லை. அப்படியே முழுசாகச் சாய்ந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ மண்ணை ஒழுங்கா பிசையல, அதான்டா" என்று எல்லார் முன்னாலும் நண்பனைத் திட்டிவிட்டேன். அவன் என்னோடு காய் விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் கல்விச் சுற்றுலா. புளிசோறு கட்டிக்கொண்டு நிஜக் கல்லணைக்கே போனோம். யானை மேல் கரிகாலன் சிலையைப் பார்த்தோம். காவிரித் தண்ணீர் இங்கிருந்துதான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகிறது. அணையின் நீளம் 1079 அடி, அகலம் 66 அடி. "மேல தெரியுற பாலம், மதகு எல்லாம் வெள்ளைக்காரங்க காலத்துல கட்டினது. கரிகாலன் கட்டினது அடியில இருக்கு" என்றார் சார்.

"மணல் மேல எப்படி சார் சாயாம நிக்குது?" என்று கேட்டேன்.

"ஆத்துத் தண்ணியில நின்னா காலுக்கு அடியில என்ன ஆகும்?" என்று சார் திருப்பிக் கேட்டார்.

"மணல் அரிச்சிக்கிட்டுப் போகும். கால் உள்ள இறங்கும் சார்."

"அதேதான்!"

பெரிய பாறைகளை ஆற்றில் போட்டார்களாம். தண்ணீர் அடி மணலை அரிக்க அரிக்கப் பாறை கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு பாறை, நடுவில் களிமண். இப்படி இனி இறங்காது என்னும் வரை போட்டுக்கொண்டே இருந்தால் அதுவே அஸ்திவாரம். சுவரைச் சாய்க்கும் தண்ணீரையே வேலை வாங்கிவிட்டார்கள்! ஆயிரம் வருஷங்களுக்கும் மேல் கழிந்த பின்னால் வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

அப்போதுதான் புரிந்தது. தப்பு களிமண்ணில் இல்லை. சுவருக்கு அடியில் நான் பரப்பிய வெறும் மணலில்தான். திரும்பும்போது பஸ்ஸில் நண்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உன் மண்ணு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தான். அப்புறம் பழம் விட்டான்.

நீங்களும் செய்யலாம். ட்ரேயில் நாலு விரல் உயரம் ஆற்று மணல் போடுங்கள். ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தூக்குங்கள். மறு பக்கம் தண்ணீர் வெளியேற ஓட்டை போடுங்கள். குறுக்கே கூழாங்கற்களை வரிசையாக வைத்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கல் இறங்க இறங்க மேலே களிமண்ணும் கல்லும் வையுங்கள். அவசரப்படக் கூடாது. எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

எங்கள் புது அணை ஐந்தாம் வகுப்புத் தாழ்வாரத்தில் இருக்கிறது. வந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இந்த முறை சாயாது!



- ஐந்தாம் வகுப்பு மாணவன்