தோல் முட்டை விழுகிறதா? மாலையில் சிப்பி ஓடு கொடுங்கள்

குமரி மாவட்டத்தில் வீட்டுப் புறக்கடையில் பத்து, இருபது கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கொடுப்பது தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, அவித்த மரச்சீனிக் கிழங்கின் மிச்சம், கொஞ்சம் நெல். மேய்ந்து தின்னும் நாட்டுக்கோழிக்கு இது ஓரளவு போதும். கிராமப்பிரியா போன்று ஆண்டுக்கு 150 முட்டைக்கு மேல் இடும் இனங்களுக்குப் போதாது. கோழியின் வயிறு நிறையும், ஆனால் ஓடு மெலிந்து கைபட்டாலே உடையும். சில நாள் தோல் முட்டையாகவே விழும்.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கோழி தின்பதில் ஏறத்தாழ பாதிதான் உடலில் சேரும் என்பதால், முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் தேவை. தவிட்டிலும் மரச்சீனியிலும் இது மிகச் சொற்பம். தீவனத்தில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடாக்கும். அப்படியே விட்டால் கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். செலவைக் குறைக்க அதில் சரிபாதி தவிடு கலந்தால் இந்தச் சத்தும் பாதியாகிவிடும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தீர்வு நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. குளச்சல், கடியப்பட்டினம், இனயம் பகுதிப் பாறைகளில் எடுக்கும் சிப்பியின் சதை சமையலுக்குப் போனபின் ஓடு வீணாகிறது. அந்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்துதான். ஒட்டிய சதையை நீக்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் மூன்று, நான்கு முறை கழுவுங்கள். இரண்டு, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பாதி அரிசி அளவுக்கு இடித்து, கூரான நீளச் சில்லுகளைச் சலித்து நீக்குங்கள். சூளையில் சுடக்கூடாது, சுட்டால் நீறி வாயைப் புண்ணாக்கும் சுண்ணாம்பாகிவிடும்.

மாவாகப் பொடிக்கவும் வேண்டாம். முட்டை ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. மாலையில் தின்ற பருந்துகள் அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். மாவு சீக்கிரம் வெளியேறிவிடும். எனவே கூட்டில் அடைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, தீவனத்தில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையானதைக் கோழியே கொத்தி எடுத்துக்கொள்ளும். முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளுக்கும் வளர்கோழிகளுக்கும் இது எட்டக்கூடாது. மிஞ்சிய சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஓடு கெட்டியானால் போதாது, முட்டை எண்ணிக்கைக்குப் புரதமும் வேண்டும். தீவனத்தில் அது 16 சதவீதமாவது இருக்கவேண்டும். மரச்சீனியில் இரண்டு, மூன்றுதான். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் இருந்தாலும் நார் அதிகம். மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடலைப் புண்ணாக்கோ, உப்பிடாமல் உலர்த்திய மீன்தூளோ சேருங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கட்டிதட்டிய, பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கைக் கோழிக்குப் போடாதீர்கள். அதிலுள்ள நச்சு கல்லீரலைத் தாக்கும்; காயவைத்தாலும் முழுதாகப் போகாது.

இத்தனையும் செய்தபின், இருமலோ மூச்சுத்திணறலோ சேர்ந்து முட்டை திடீரெனக் குறைந்தால் தீவனத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அது நோயாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.