ஆறு மாதம் கழித்து வந்த பதில்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால் ஓஃபியர் சாலையில் லூர்து அன்னை ஆலயம். தமிழ்ப் பூசைக்குப் பேர்போன கோயில்; 1888இல் கட்டி முடித்தார்கள். கோயில் எல்லார் கண்ணிலும் படும்; ஆனால் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களின் வேறொரு பணி நம் கண்ணில் படுவதில்லை. அது சிறைக்குள் நடக்கிறது.

1977இல் கத்தோலிக்கச் சிறைப்பணியைத் தொடங்கியவர்களில் ஒருவர் நல்லாயன் சபைக் கன்னியர் ஜெரார்டு ஃபெர்னாண்டஸ். தூக்குத் தண்டனை பெற்ற 18 பேருக்குக் கடைசிவரை துணை நின்றவர்.

அவர்களில் ஒருவர் கேத்தரின் டான், 1981 தோ பாயோ சிறார் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர். இரண்டு பிள்ளைகளின் உயிரைப் பறித்த குற்றம். ஊரே கொதித்தது, கொதிக்காமல் இருக்குமா? ஆனால் சகோதரி ஜெரார்டுக்குக் கேத்தரினைச் சிறு வயதிலேயே தெரியும். கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். ஆறு மாதம் கழித்து, வெட்கமும் வேதனையுமாக ஒரு பதில் வந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் சிறைக்குப் போய்வந்தார். சேர்ந்து செபித்தார்கள், பாடினார்கள். 1988 நவம்பர் 25 விடியலில் தண்டனை நிறைவேறியது.

2019இல் பிபிசி தேர்ந்தெடுத்த உலகின் 100 பெண்களில் இந்தச் சகோதரியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 81.