அக்டியம் கடற்போரும் உரோமக் குடியரசின் முடிவும்

கி.மு. 31 செப்டெம்பர் 2ஆம் நாள் கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிகழ்ந்த அக்டியம் போரை, ஒக்டேவியன், மார்க் அன்ரனி என்ற இருவரின் தனிப்பட்ட பகைமையின் விளைவாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. அன்ரனியின் படைக்கு உணவு வரும் கடல்வழிகளை ஒக்டேவியனின் தளபதி அகிரிப்பா முன்னரே துண்டித்திருந்தான். பசியாலும் நோயாலும் நலிந்த அப்படை, அன்ரனியும் எகிப்திய அரசி கிளியோபாத்ராவும் தப்பியோடியபின் சரணடைந்தது.

கி.மு. 30இல் எகிப்தின் தானியமும் திறைசேரியும் ஒக்டேவியன் வசமாயின. அச்செல்வம் போர்வீரருக்கு நிலம் வழங்க உதவியது. செனற் சபையினர் அவனது அனுமதியின்றி எகிப்தினுள் நுழைதலும் தடுக்கப்பட்டது. கி.மு. 27இல் குடியரசை மீட்டளித்ததாகக் கூறிக்கொண்டே அவன் 'அகஸ்தஸ்' என்ற பட்டத்தை ஏற்றான். செனற் சபையும் தேர்தல்களும் நீடித்தன; படையின் பெரும்பகுதியோ ஒருவன் கையிலேயே குவிந்தது. நிறுவனங்களின் பெயர் மாறாதிருக்கவே அவற்றின் அதிகாரம் இடம்பெயரலாம் என்பதே அக்டியம் உணர்த்தும் உண்மையாகும்.