காலையில் மட்டும் புகை தள்ளும் டீசல் கார்: என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடிப்பது?

"நேத்துதான் புகை டெஸ்ட் பாஸ் ஆச்சு. இன்னிக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணினா தெருவே வெள்ளையா இருக்கு." பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடம், குறிப்பாக மலைப்பகுதியில் இருப்பவர்களிடம், இந்தப் புலம்பலைக் கேட்கலாம். சான்றில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. டெஸ்ட் நடக்கும் நேரம் வேறு, புகை வரும் நேரம் வேறு, அவ்வளவுதான்.

புகைப் பரிசோதனை மையத்தில் டீசல் வண்டியை என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் சோதிப்பார்கள். கியரில் போடாமல் ஆக்சிலரேட்டரை வேகமாக முழுவதும் மிதிக்கச் சொல்வார்கள். சைலன்சர் வழியே வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி அளக்கும். இப்படிச் சில முறை மிதித்து, சராசரி எடுப்பார்கள். பி.எஸ். 4 வகைக்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரையும், பி.எஸ். 4 வண்டிக்கு 50 வரையும் அனுமதி. இந்தச் சோதனை பிடிப்பது பெரும்பாலும் கரும்புகையை. இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டி, காலையில் முதல் ஒரு நிமிடம் என்ன செய்கிறது என்பது இதில் தெரியாது. அதை வண்டி வைத்திருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

குளிரில் ஏன் புகை வருகிறது? டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. என்ஜின் சில்லென்று இருந்தால் அந்தச் சூட்டை இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். டீசல் முழுவதும் எரியாமல், ஆவியாகவும் துளியாகவும் சைலன்சர் வழியே வெளியே வரும். வெள்ளையாகத் தெரிவது அதுதான். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது இதற்கானது. விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். பலர் அந்த இரண்டு மூன்று விநாடி கூடக் காத்திருப்பதில்லை.

ஊட்டியில் இருக்கும் என் சித்தப்பாவின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்தவரை அந்தக் காரில் ஒரு தொந்தரவும் இல்லை. மாற்றலாகி மேலே போன பிறகு, மார்கழியில் தினமும் காலையில் வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள பாட்டி ஒருவர் இருந்தார். "வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுங்கப்பா, ஜன்னலைச் சாத்திக்கறேன்" என்று அவர் சொன்னது சித்தப்பாவுக்கு ரொம்ப சங்கடமாகிவிட்டது. ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்காமல், "என்ஜின் இறக்கணும்" என்றார்கள். வேறொரு மெக்கானிக், "இன்னிக்கு வேண்டாம், ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க, காலையில பாக்கறேன்" என்றார். நான்கு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருந்தன. அவற்றை மாற்றியதும் புகை நின்றது.

கீழே இருந்தபோதும் அந்த இரண்டு பிளக்கும் செத்துத்தான் இருந்திருக்கலாம். சமவெளியின் சூட்டில் ஹீட்டர் பிளக் இல்லாமலே டீசல் கார் கிளம்பிவிடும், குறை தெரியாது. ஊட்டியில் குளிர்காலக் காலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. போதாததற்கு, அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அழுத்திச் சூடாக்கக் கிடைக்கும் காற்றே குறைவு.

சரி, நம் வண்டியில் எது கோளாறு என்று எப்படிப் பார்ப்பது? முதலில், காரை மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெளியே திறந்த இடத்தில் இரவு நிறுத்துங்கள். காலையில் ஒருவர் சாவி போடட்டும், இன்னொருவர் பின்னால் ஓரமாக நின்று பார்க்கட்டும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. பகலில் மெக்கானிக்கிடம் போகும்போது என்ஜின் சூடாகியிருக்கும், அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளையாக வருவதெல்லாம் ஒன்றில்லை. வாசனை இல்லாமல், வெளியே வந்ததும் காற்றில் கரைந்துவிட்டால் அது வெறும் நீராவி. குளிர்காலத்தில் நம் வாயிலிருந்து வருவது மாதிரிதான், கவலை வேண்டாம். கண் எரிந்து, பச்சை டீசல் நாற்றம் அடித்து, புகை தாழ்வாகத் தங்கி நின்றால் அது எரியாத டீசல். அதோடு முதல் ஒரு நிமிடம் என்ஜின் குலுங்கி, பிறகு சரியாகிவிட்டால் ஹீட்டர் பிளக்கையோ, அதற்குக் கரண்ட் தரும் ரிலே, ஃபியூஸ், வயரையோ முதலில் சந்தேகிக்கலாம். பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம் காட்டும்; செத்த பிளக் ஒன்றும் காட்டாது. ஐந்து நிமிட வேலை. ஆனால் கழற்றுவது மெக்கானிக் வேலை. வருடக்கணக்கில் இறுகிய பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும்.

பிளக் எல்லாம் நன்றாக இருந்தும் புகை வந்தால் பேட்டரியைப் பாருங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அழுத்தச் சூடு போதாது. அடுத்தது டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்பது. என்ஜின் சூடான பிறகும் புகையும் தட்டல் சத்தமும் நிற்கவில்லை என்றால் நாசில் சரியாகத் தூவாமல் சொட்டலாம். டீசல் பம்ப் பார்க்கும் கடைகளில், ஒவ்வொரு நாசிலிலிருந்தும் திரும்பி வரும் டீசலைச் சிறு பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிட்டுச் சொல்வார்கள். இத்தனையும் பார்த்த பிறகுதான் கம்ப்ரெஷன் டெஸ்ட். அந்த அளவுகளைக் கண்ணால் பார்க்காமல் "என்ஜின் இறக்கணும்" என்ற பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

வெள்ளைப் புகையில் இன்னொரு வகை உண்டு. லேசான இனிப்பு வாசனையோடு, என்ஜின் சூடான பிறகும் விடாமல் வரும். கூலண்ட் டேங்கில் அளவு குறைந்துகொண்டே போகும். ஹெட் கேஸ்கெட்டோ, இ.ஜி.ஆர். கூலரோ கசிகிறது என்று அர்த்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூலண்ட் மூடியை என்ஜின் ஆறிய பிறகே திறந்து பாருங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு முறை நீலமாகக் கக்கிவிட்டு நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்து இரவெல்லாம் ஆயில் துளித்துளியாக உள்ளே இறங்கியிருக்கலாம். நிற்காமல் வந்தால் டர்போ, பிஸ்டன் ரிங் என்று பெரிய வேலையாக இருக்கும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் குச்சியை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கரும்புகை குளிரோடு அதிகம் சம்பந்தப்பட்டதல்ல. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் ஓட்டை, இ.ஜி.ஆர். வால்வு சிக்கிக்கொள்வது ஆகியவை வழக்கமான காரணங்கள். புகை டெஸ்டில் மாட்டுவது இதுதான்.

பி.எஸ். 6 டீசல் காரின் சைலன்சரில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருப்பதால், கரும்புகை கண்ணில் படவே கூடாது. பட்டால் உடனே காட்டுங்கள். "அந்த ஃபில்டரை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

செய்யக் கூடாத இரண்டு. குளிரில் கிளம்பாத வண்டிக்கு ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்; ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது வெடித்துப் பற்றும். கிளம்பியதும் ரைஸ் பண்ணிப் புகையை 'விரட்டுவதும்' வேண்டாம். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் முன் என்ஜினை முறுக்குவது தேய்மானத்தைத்தான் கூட்டும்.

இனி சான்று விஷயம். புதிய வண்டிக்கு முதல் பதிவு நாளிலிருந்து ஓராண்டு முடிந்த பிறகு புகைச் சான்று கட்டாயம். பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்குச் சான்று 12 மாதம் செல்லும்; அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதம். உங்கள் சான்று எப்போது முடிகிறது என்பதை, வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்து பரிவாகன் இணையதளத்தில் பார்த்துப் பதிவிறக்கிக்கொள்ளலாம். எம்பரிவாகன் செயலியிலும் டிஜிலாக்கரிலும் வைத்திருந்தால் சோதனையின்போது காட்டலாம். மாசு அளவை மீறிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குத் தகுதியிழக்கும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். அந்தத் தேதி நெருங்குகிறவர்கள் இந்தக் குளிர்காலத்திலேயே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி மேலே சொன்னபடி பார்த்துவிடுங்கள். கோடை வந்துவிட்டால் புகை தானாகக் குறைந்துவிடும். கோளாறு உள்ளேயே இருக்கும்.