பல் கட்டும் முன் கேட்டுப் பெற வேண்டியவை

போன பல்லுக்குப் பதிலாக என்ன வைப்பது என்ற முடிவைப் பலர் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தபடியே எடுத்துவிடுகிறார்கள். வாய் மரத்திருக்கும். “இம்பிளான்ட் போட்டுடலாம்மா, தவணையில கட்டிக்கலாம்” என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவோம். சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு அந்தச் செலவு சில மாதச் சம்பளம்.

மறுநாளே முடிவெடுக்க வேண்டிய விஷயம் அல்ல இது. வீட்டுக்குப் போய் யோசிக்கலாம், இன்னொரு மருத்துவரிடமும் கேட்கலாம். வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் தவறு. பக்கத்துப் பற்கள் காலியிடத்தை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் இறங்கும், தாடை எலும்பு கரையும்.

கழற்றி மாட்டும் பல்செட்டுக்குத்தான் செலவு குறைவு. ஆனால் எலும்பு கரையக் கரைய அது லூசாகும், சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு நிரந்தரமாகப் பொருத்தும் பிரிட்ஜ் சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்காக இருபக்கப் பற்களையும் ராவிச் சிறிதாக்குவார்கள், ராவிய எனாமல் திரும்ப வளராது. அந்தப் பற்கள் ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டியவை என்றால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. சொத்தையே இல்லாத இரண்டு பற்களை ஒரு பல்லுக்காக ராவச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இம்பிளான்ட் என்பது எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லை, அதுதான் இதன் பெரிய பலம். சொத்தையாகாது என்பதும் உண்மை. ஆனால் சுத்தமாக வைக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு சீழ்பிடித்து எலும்பு கரைந்து திருகே ஆடிவிடும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பீடி சிகரெட், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, தாடையில் பெற்ற கதிர்வீச்சு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இவற்றை விசாரிக்காமல் தேதி குறிப்பவரிடம் போகாதீர்கள். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாத முதியவருக்கு, வரிசை முழுக்க இம்பிளான்ட் போடத் தேவையில்லை. இரண்டு திருகு வைத்து அதன்மேல் பல்செட்டை மாட்டினாலே நன்றாகச் சாப்பிட முடியும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் போயிருந்தால் எதுவும் வைக்காமல் விடுவதும் பலருக்குப் போதும்.

இத்தனையையும் எடுத்துச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்று வழிகளையும் முக்கியமான ஆபத்துகளையும் சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம் என்றது. கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன், எலும்பு வைத்தல், மேலே பொருத்தும் கேப் எல்லாம் அதில் அடங்குமா என்று பாருங்கள். இம்பிளான்ட் டப்பாவின் ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்துத் திருகு கழன்றால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியாமல் எந்த மருத்துவரும் திண்டாடுவார்.

சுத்தம் பற்றிக் கேட்கத் தயங்கவே கூடாது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தார்கள். சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யுடன் சேர்ந்து இதை ஆராய்ந்த தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நம் அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது. கருவிப் பையையும் சலைன் பாட்டிலையும் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது சட்டப்படி குற்றம். ஆகவே தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணையும் பாருங்கள்.

பணம் குறைவென்றால் வேலப்பன்சாவடி, முகப்பேரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், கூடுதலாகச் சில நாள் அலைய வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. ஆவடி ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் மாறினால் அடுத்த நிறுத்தம்.

தவறு நடந்தால் நுகர்வோர் சட்டத்தை நாடலாம். பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை அச்சட்டப்படி ‘சேவை’ என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது திருவள்ளூரில். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். மருத்துவரின் நடத்தை குறித்த புகாரைப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: கோளாறான பிரிட்ஜையோ இம்பிளான்டையோ கழற்றும் முன் இன்னொரு பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து, அவர் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு ஆதாரம் கிடைக்காது.